கடப்பது ஒன்று, கடக்கும் விதம் வேறு

அனைவருக்கும் வணக்கம்.

ஓர் இடத்தைக் கடந்து போவதற்கு ஆங்கிலத்தில் எத்தனை வினைச்சொற்கள்? கிராஸ், பாஸ், டிராவர்ஸ், வேட், ஃபோர்ட், வாண்டர், ரோம், ட்ரெக் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். பயிற்சிப் புத்தகங்கள் அதைத்தான் பக்கம் பக்கமாகத் தருகின்றன. அதை மனப்பாடம் செய்தவர்கூட வாயைத் திறந்தால் 'கிராஸ்' ஒன்றைத்தான் சொல்கிறார். அவருக்குச் சொல் போதாமல் இல்லை. ஆங்கிலம் வாக்கியத்தைக் கட்டும் விதம் நம்முடையதற்கு நேர் எதிர். சிக்கல் அங்கேதான்.

'ஆற்றை நீந்திக் கடந்தான்' என்கிறோம். முற்றுவினை 'கடந்தான்'. எப்படிக் கடந்தான் என்பது 'நீந்தி' என்ற எச்சத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹி ஸ்வாம் அக்ராஸ் த ரிவர்'. அங்கே முற்றுவினையாக நிற்பது நீச்சல். கடந்த செய்தியோ 'அக்ராஸ்' என்ற சின்னச் சொல்லுக்குள் அடங்கிவிட்டது. நம் ஆட்கள் 'ஹி கிராஸ்ட் த ரிவர் பை ஸ்விம்மிங்' என்பார்கள். இலக்கணப்படி குற்றமில்லை, ஆனால் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுப்பது போல இருக்கும்.

இந்த வேறுபாட்டை 1985-இல் விரிவாக எழுதியவர் அமெரிக்க மொழியியலாளர் லியனார்ட் டால்மி. நகரும் பாதையை வினையிலேயே வைக்கும் மொழிகள் ஒரு வகை. வினைக்குப் பக்கத்தில் ஒட்டும் சொல்லில் வைப்பவை இன்னொரு வகை. ஸ்பானிஷ், துருக்கி எல்லாம் முதல் வகை. மேலே பார்த்த 'நீந்திக் கடந்தான்' அமைப்பும் அதே போக்குதான். ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன் இரண்டாவது. அப்புறம் டான் ஸ்லோபின் என்பவர், எழுத்தே இல்லாத ஒரு படக்கதையைப் பல மொழிக்காரர்களிடம் காட்டிக் கதை சொல்லச் சொன்ன ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். மரப்பொந்திலிருந்து ஆந்தை வரும் படத்துக்கு ஸ்பானியர்கள் பெரும்பாலும் 'வெளியே வந்தது' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ரஷ்யர்கள் அது பறந்து வந்ததையும் சேர்த்தே சொன்னார்கள்.

பாதையைச் சின்னச் சொல் சுமப்பதால், ஆங்கிலத்தில் வினையின் இடம் காலியாகிவிடுகிறது. அந்த இடத்தில் எதை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம். சத்தத்தைக்கூட! 'த ட்ரெயின் ரம்பிள்ட் அக்ராஸ் த பிரிட்ஜ்'. ரம்பிள் என்பது கடகடவென்ற ஓசை, அவ்வளவுதான். அதில் நகர்ச்சி இல்லை. பக்கத்தில் அக்ராஸ் வந்ததும் ரயில் பாலத்தைக் கடந்துவிடுகிறது. துப்பாக்கிக் குண்டு ஜன்னல் வழியே 'விசில்' செய்துகொண்டு போகும். லாரி ஊரின் ஊடே 'ரோர்' செய்துகொண்டு போகும். இன்னும் ஒரு படி மேலே போய், முழங்கையைக்கூட வினையாக்குவார்கள்: 'ஷி எல்போட் ஹெர் வே த்ரூ த க்ரவுட்'. கூட்டத்தை முழங்கையால் இடித்து விலக்கிக்கொண்டு போனாள் என்ற முழுச் செய்தியும் அதற்குள் இருக்கிறது. இந்த 'வே' அமைப்பில் சண்டை போட்டும் போகலாம், கெஞ்சியும் போகலாம். என்னைக் கேட்டால் ஆங்கிலத்தின் மிக அழகான மூலை இதுதான். பள்ளிப் பாடத்தில் இதைக் காணவே முடிவதில்லை.

சரி, சின்னச் சொற்களுக்கு வருவோம். வினைகளை விட இவற்றுக்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு பரப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் அக்ராஸ்: சாலை, வயல், பாலைவனம். நம்மைச் சுற்றி ஏதோ சூழ்ந்திருக்க, அதன் ஊடே போனால் த்ரூ: காடு, சுரங்கப்பாதை, கூட்டம். உயரமான புல் முளைத்துவிட்டால் அதே வயல் 'த்ரூ'வுக்கு மாறிவிடும்.

சில நேரம் அந்தச் சின்னச் சொல்லையே எடுத்துவிடுவார்கள். 1875-இல் மேத்யூ வெப் டோவரிலிருந்து கலே வரை நீந்தியதைச் சொல்லும்போது 'ஹி ஸ்வாம் த சேனல்' என்பது வழக்கம். அக்ராஸ் இல்லை. ஆங்கிலக் கால்வாய் நேரடியாகச் செயப்படுபொருள் ஆகிவிட்டது. முழுத் தூரத்தையும் வென்ற சாதனை என்ற தொனி அதில் வரும். குளத்துக்கு இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.

கடைசியாக ஒன்று. என்டர், பாஸ், டிராவர்ஸ் போன்றவை பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சரக்கு. அவை நம் 'நுழை', 'கட' போலவே பாதையைத் தமக்குள் வைத்திருப்பவை. கிராஸும் அப்படித்தான். அதனால்தான் நமக்கு அவை கைக்கு எளிதாக வருகின்றன. ஆனால் பாதை ஏற்கெனவே உள்ளே இருப்பதால், பக்கத்தில் இன்னொரு சொல்லை ஒட்டக் கூடாது. 'கிராஸ்ட் அக்ராஸ் த ரோடு' வேண்டாம். 'என்டர்ட் இன்டு த ரூம்' வேண்டாம். அறைக்குள் போக 'என்டர்ட்' மட்டும் போதும். ஒப்பந்தத்துக்குள் போவதாக இருந்தால் மட்டும், அந்த 'இன்டு' கட்டாயம் வேண்டும்.