பாதி விலைக்கு ஒரு யானை

நேயர்களுக்கு வணக்கம். பழைய சொகுசு எஸ்.யூ.வி., அதாவது உயரமான பெரிய கார், வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு கார் பட்டறைக்காரனின் அனுபவம் இது.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை. பட்டறையைத் திறந்து விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, வண்டி உட்கார்ந்துவிட்டது" என்றார். வண்டி நின்றுவிட்டது என்பார்கள், கிளம்ப மறுக்கிறது என்பார்கள். உட்கார்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் என்ன வண்டி, என்ன நோய் என்று நேரில் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும்.

போய்ப் பார்த்தேன். வெள்ளை நிற ஐரோப்பிய வண்டி. பெயர் இங்கே வேண்டாம். புதிதாக இருந்தபோது 80 லட்சம். இவர் பத்து வருடம் ஓடிய வண்டியாக 19 லட்சத்துக்கு வாங்கியிருந்தார். வாங்கிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது; பானெட்டில் வைத்த சந்தனப் பொட்டு கூட அழியவில்லை. முன்பக்க வலது மூலை மட்டும், முட்டி போட்ட ஒட்டகம் மாதிரி, டயரின் மேல் படுத்துக் கிடந்தது.

இந்த வகை வண்டிகள் பலவற்றில் இரும்புச் சுருள் ஸ்பிரிங் இருக்காது. அந்த இடத்தில் தடித்த ரப்பர் பை, அதற்குள் அமுக்கிய காற்று. ஒரு சிறிய கம்ப்ரசர் நான்கு மூலைக்கும் காற்று ஊட்டும். ரேஞ்ச் ரோவர் 1992இலேயே இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கையில் வைத்திருக்கும் காபி தளும்பாது, அப்படி ஒரு சுகம். ஆனால் என்ன இருந்தாலும் அது ரப்பர். எட்டுப் பத்து வருடத்தில் மடிப்பு விழும் இடத்தில் வெடித்துவிடும். ஊசி முனையளவு ஓட்டை போதும். இரவெல்லாம் காற்று கசியும், காலையில் கம்ப்ரசர் மூச்சு வாங்கி நிரப்பும். நிரப்பி நிரப்பி ஒருநாள் கம்ப்ரசரே எரிந்துபோகும். பொள்ளாச்சியில் நடந்தது அந்த ஒருநாள்.

"பார்க்கப் போனபோது வண்டி நன்றாகத்தானே நின்றது?" என்று கேட்டேன். "மூன்று முறை போனேன் அண்ணா. மூன்று முறையும் எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு வைத்திருந்தார்கள். வெயிலில் வருகிறேன் என்று மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்தேன்" என்றார். மரியாதைதான். எஞ்சின் ஓடினால் கம்ப்ரசர் ஓடும், கம்ப்ரசர் ஓடினால் பை நிற்கும்.

அதனால் நான் யாருக்கும் முதலில் சொல்வது இதுதான். விடியற்காலையில் போங்கள். முந்தைய இரவு நிறுத்திய வண்டியை யாரும் தொடுவதற்கு முன்பு போய்விடுங்கள். பானெட்டில் கை வையுங்கள்; சூடாக இருந்தால் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். குளிர்ந்திருந்தால் தையற்காரரின் டேப் ஒன்றை எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு விரற்கடை வித்தியாசப்பட்டால் அங்கே காற்று கசிகிறது. பிறகு எஞ்சினைக் கிளப்பி, வண்டியை உச்ச உயரத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள். சட்டென்று எழ வேண்டும். முனகி முனகி எழுந்தால் கம்ப்ரசருக்கு ஆயுள் முடிந்து வருகிறது. பஞ்சர் கடைக்காரர் டியூபில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்ப்பாரே, அந்த வித்தை இந்தப் பைக்கும் பொருந்தும்.

பொள்ளாச்சி வண்டிக்கு முன்பக்கப் பைகள் இரண்டு, கம்ப்ரசர் ஒன்று, கூலி எல்லாம் சேர்த்து இரண்டேகால் லட்சம் ஆனது. "19 லட்ச ரூபாய் வண்டிக்கு இரண்டேகால் லட்சமா?" என்று அவர் கேட்டார். கணக்கு பிசகுவது இங்கேதான். அவர் கட்டி வைத்திருப்பது 80 லட்ச ரூபாய் வண்டி. அதை வாங்கும் விலை மட்டும்தான் இறங்கியிருக்கிறது. அதன் பிரேக் தட்டு, முகப்பு விளக்கு, சென்சார் எதற்கும் விலை இறங்கவில்லை. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று சும்மாவா சொன்னார்கள்? யானை பாதி விலைக்கு வந்தது என்பதற்காகப் பாதி வயிறு சாப்பிடாது.

என் கணக்கைச் சொல்கிறேன். கையில் 20 லட்சம் இருந்தால் 14 லட்சத்துக்கு வண்டி தேடுங்கள். மிச்சம் ஆறு லட்சம் முதல் வருடத் தீனிக்கு. செலவாகாமல் மிஞ்சினால் சந்தோஷம். மிஞ்சி நான் அதிகம் பார்த்ததில்லை. ஆறு லட்சத்தை ஒதுக்க மனம் வராதவர்கள் அந்த 20 லட்சத்துக்கு ஒரு நல்ல புது வண்டி வாங்கிக்கொள்ளலாம். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

இன்னொன்று. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று நினைத்து இரண்டு சக்கர இழுவை வண்டியை வாங்கியவர்களும் உண்டு. உருவம் பெரிதாக இருப்பதால் எல்லாம் ஃபோர் வீல் டிரைவ் ஆகிவிடாது. பி.எம்.டபிள்யூ.வின் எக்ஸ்1 இந்தியாவுக்கு 2010இல் வந்தபோது எஸ்டிரைவ் என்ற பெயரில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியாகவே வந்தது; எக்ஸ்டிரைவ் என்று எழுதியிருந்தால்தான் நான்கும் இழுக்கும். ஃபார்ச்சூனரிலும் இரண்டு வகையும் உண்டு. விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இரண்டுக்குமே சக்தி போகிறதா என்று ஒரு மெக்கானிக் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானமாக வந்த மாடு அல்லவே. பல்லையும் பார்க்கலாம், சுழியையும் பார்க்கலாம். என் வழக்கத்தில் வண்டியின் பல் என்பது டயர்.

நான்கு டயரும் ஒரே கம்பெனியா, ஒரே அளவா, ஒரே தேய்மானமா என்று பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று கலந்திருந்தால் சாதாரணக் காரில் பெரிய பாவமில்லை. எப்போதும் நான்கு சக்கரமும் இணைந்தே சுற்றும் வண்டியில் அது மெல்லக் கொல்லும் விஷம். புது டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர். தேய்ந்தது 3 என்று வைத்துக்கொள்வோம். ஆரத்தில் 5 மில்லிமீட்டர் குறைவு. ஒரு சுற்றுக்கு 31 மில்லிமீட்டர் குறையும். பெரிய சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 400 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஆக, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் தேய்ந்த சக்கரம் 13 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டியிருக்கிறது. அந்த வித்தியாசத்தை முழுங்குவது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்க நடுவில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி. அதைப் பிரித்து வேலை செய்யும் செலவில் எட்டு டயர் வாங்கலாம். விற்பவர் பெருமையாக "இப்போதுதான் இரண்டு புது டயர் போட்டேன்" என்றால், எனக்கு வயிறு கலங்கும்.

ஒரு மைதானத்துக்கு ஓட்டிப் போய் ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாக வட்டம் போடுங்கள். அடியில் யாரோ பிடித்து இழுப்பது போல வண்டி உதறினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். லோ ரேஞ்ச், அதாவது செங்குத்து ஏற்றத்திலும் சேற்றிலும் மெதுவாக, கூடுதல் இழுவையோடு போகும் கியர், உள்ள வண்டி என்றால் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, அதில் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அந்தப் பொத்தானை முதல் முதலில் அழுத்துபவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். வருடக்கணக்கில் தொடாததால் உள்ளே இருக்கும் சிறிய மோட்டார் இறுகிப்போயிருக்கும்.

மீட்டரில் தெரியும் கிலோமீட்டர் ஒரு அழகான கதை, அவ்வளவுதான். வண்டியின் கணினிகளோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டால் கியர்பாக்ஸ், பிரேக் என்று வேறு கணினிப் பெட்டிகளிலும் பல வண்டிகளில் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். சிலவற்றில் சாவிக்குள்ளேயே இருக்கும். மீட்டரைக் குறைப்பவர் எல்லா இடத்திலும் குறைப்பதில்லை. ஸ்கேனரில் ஒரு பிழையும் காட்டாமல் துடைத்து வைத்தது போல இருந்தாலும் சந்தேகப்படுங்கள். வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வரிசை ஒன்று உண்டு. அது இன்னும் முடியவில்லை என்று திரை காட்டினால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் பிழைகளை அழித்திருக்கிறார்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் மிதந்தன என்று பார்த்தோம். இந்த வகை வண்டிகளில் பேட்டரியையும் கணினிப் பெட்டிகளையும் இருக்கைக்கு அடியிலும் டிக்கியின் தரைக்குக் கீழும் ஒளித்து வைத்திருப்பார்கள். முழங்கால் தண்ணீர் போதும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மேல் பகுதியைத் துடைத்தவர்கள், சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு முழத்தைத் துடைக்க மறந்திருப்பார்கள். அங்கே சேற்றுக் கோடு இருக்கும்.

வடக்கிலிருந்து வரும் வண்டிகளுக்கு வருகிறேன். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. அந்தக் கெடுபிடி பின்னாளில் தளர்ந்தாலும், அங்கே விலை விழுந்த பெரிய டீசல் வண்டிகள் லாரியில் ஏறித் தெற்கே வரும் வழக்கம் நின்றுவிடவில்லை. வண்டி நன்றாகவும் இருக்கலாம், தவறில்லை. ஆனால் அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) இல்லாமல் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதீர்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். வரியும் இங்கே கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கு ஆயுள் வரியே 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைப்பார்கள். ஆனாலும் நீங்கள் கொடுத்த விலையைப் பார்த்துப் போடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லி விலையோடு இந்த வரியைக் கூட்டிப் பார்த்த பிறகு பலருக்கு உள்ளூர் வண்டியே மலிவாகத் தெரியும்.

பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், "கடன் எப்போதோ முடிந்துவிட்டது" என்ற வாய்ச்சொல் பயன்படாது. வங்கியின் கடிதமும் 35ஆம் எண் படிவமும் கையில் வர வேண்டும். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக விற்றவருக்குக் கிடைத்த நோ க்ளைம் போனஸ் என்ற தள்ளுபடி அவரோடு போய்விடும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி இவற்றுக்குச் சாதாரணக் காப்பீட்டில் பாதிதான் கிடைக்கும். பழைய வண்டிக்குத் தேய்மானம் கழிக்காத காப்பீடு எளிதில் தர மாட்டார்கள். முன்பம்பர், விளக்கு, ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் காற்றுப் பை என்று வெளியே தெரிவதில் பாதி ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் அதற்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும்.

சரி, வாங்கியாயிற்று. வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லா எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். எஞ்சினோடு கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பங்கிடும் முன் பின் டிஃபரன்ஷியல் எல்லாவற்றிலும். கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுள் முழுதும் போதும் என்று வண்டிக் கம்பெனிகள் சில சொல்கின்றன. யாருடைய ஆயுள் என்று சொல்வதில்லை. பி.எம்.டபிள்யூ., லேண்ட் ரோவர், ஜாகுவார் வண்டிகளுக்கெல்லாம் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவன் சொல்வதைத்தான் நான் கேட்பேன். அவர்களின் எட்டு கியர் பெட்டியில் பல வகைகளுக்கு ஃபில்டரும் அடித்தட்டும் ஒரே பிளாஸ்டிக் துண்டு. ஃபில்டரை மாற்ற வேண்டுமென்றால் தட்டையே மாற்ற வேண்டும். அந்தப் பில்லைப் பார்த்து என் மேல் கோபப்படாதீர்கள்.

வாரத்துக்கு ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். குறிப்பாக 2020 ஏப்ரலுக்குப் பிறகு, பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளை. குழந்தையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், காய்கறிக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஓட்டினால் புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி கரி அடைத்துக்கொள்ளும். அது தானாக எரிந்து சுத்தமாக நல்ல சூடு வேண்டும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும் பிறந்த வண்டியை, மார்க்கெட் வாசலில் கட்டி வைத்தால் அது நோயில்தான் படுக்கும்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. 2009இல் பதிவான ஜப்பான் வண்டி, இரும்பு ஸ்பிரிங். 15 வருடம் முடிந்து 2024இல் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குக் காட்டி இன்னும் ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறேன். அதற்குப் பார்த்த வேலையை எல்லாம் எழுதி வைக்க அதன் கதவுப் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. இது மூன்றாவது நோட்டு. பொள்ளாச்சிக்காரரும் இப்போது ஒன்று வைத்திருக்கிறார். போன மாதம் வந்திருந்தார். தம்பி மகனுக்கு வண்டி பார்க்க வேண்டுமாம். காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பினோம். சட்டைப் பையில் டேப் வைத்திருந்தார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் பானெட்டில் கை வைத்துவிட்டு, "சூடு, அண்ணா. வாருங்கள், காபி குடிக்கலாம்" என்றார்.

நன்றி, வணக்கம்.