பாடியதும் குற்றம்தான்

போன வீடியோவில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட பெண் கைதிகளைப் பற்றிப் பேசினோம். அதைப் பார்த்துவிட்டு ஒரு சகோதரி கேட்கிறார்: "அவர்கள் வாழ்க்கையை வைத்து இன்றைக்கும் இசை அமைக்கிறார்களே, எதை ஆதாரமாக வைத்து மெட்டுப் போடுவது?"

நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் 'கன்விக்ட் மெய்ட்' போன்ற பாட்டுகளை ஒற்றைத் தாளில் அச்சடித்துத் தெருவில் விற்றார்கள். கைதிப் பெண்ணே பேசுவது போல இருக்கும். ஆனால் அது விற்பனைக்கு எழுதியது. அதை அவள் குரல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் நம்புவது, ஒவ்வொரு கைதியைப் பற்றியும் அதிகாரிகள் எழுதிவைத்த நடத்தைப் பதிவேடுகளை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் உள்ள ஹோபார்ட் நகரத்தில், வெலிங்டன் மலையடிவாரத்தில், ஒரு பழைய சாராய ஆலையை மாற்றி 1828-ல் காஸ்கேட்ஸ் பெண்கள் சிறையைத் திறந்தார்கள். 'ஃபேக்டரி' என்றே அதற்குப் பெயர். துணி துவைப்பதும் நூல் நூற்பதும் வேலை. தவறு செய்தவர்களின் உடையில் மஞ்சள் நிறத்தில் பெரிய 'சி' எழுத்து. பதிவேட்டில் ஒருத்தியின் உயரம், கண் நிறம், கையில் பச்சை குத்தியது வரை இருக்கும். அவள் செய்த குற்றங்களும் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று, கெட்ட பாட்டுப் பாடினாள் என்பது! 1840 வாக்கில் 'ஃப்ளாஷ் மாப்' என்று அங்கே ஒரு கூட்டமே இருந்தது. சிறைக்குள்ளேயே பாட்டும் ஆட்டமும். அதனால்தான், இந்தப் பெண்களுக்கு இசை என்றாலே சோக வயலினை இழுப்பது எனக்குப் போதாதென்று படுகிறது.

அப்புறம், ராஜா குவில்ட். குவில்ட் என்றால் ஒட்டுத்துணிப் போர்வை. 'ராஜா' என்ற கப்பலில் 1841 ஏப்ரலில் சுமார் 180 பெண்களை ஏற்றினார்கள். ஜூலையில் ஹோபார்ட் வந்து சேர்வதற்குள் அவர்களில் சிலர் 2,815 துண்டுத் துணிகளைச் சேர்த்து அதைத் தைத்து முடித்திருந்தார்கள். துணியும் நூலும் கொடுத்தது, இங்கிலாந்தில் சிறைச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரை தொடங்கிய பெண்கள் சங்கம். நடுவில் பூவும் பறவையும். ஓரத்தில், உதவிய சீமாட்டிகளுக்கு நன்றி சொல்லி நூலாலேயே எழுதிய வாசகம். கப்பலின் பெயர் இருக்கிறது, மாதம், வருஷம் இருக்கிறது. தைத்த ஒருத்தியின் பெயரும் இல்லை. இப்போது அது கான்பெராவில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

சரி, நான் மெட்டுப் போட்டால் எங்கே தொடங்குவேன்? ஊசி துணிக்குள் இறங்கி ஏறும் நடையில், அலையில் கப்பல் ஆடும்போது தையல் ஒரு நொடி நிற்கிற இடத்தையும் தாளத்தில் விட்டு. அதன் மேல், வாய்க்குள் முனகுகிற ஒரே குரல். ஹோபார்ட் வந்ததும் கைத்தட்டல், காலடிச் சத்தம், கூட்டமாகப் பெண்குரல்கள்.