கொடுக்கை எடுக்க அட்டை தேடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மலையேற்றம் போகிறவர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒருமுறை நடைபாதையில் முன்னால் போன பெண்ணின் முழங்கையில் தேனீ கொட்டிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பையைத் திறந்து ஏடிஎம் அட்டை தேடுகிறார். அட்டையால் வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஓடிப்போய்ப் பார்த்தால், தோலில் குத்தி நிற்கும் கொடுக்கின் மேல் கடுகளவு பை ஒன்று சுருங்கிச் சுருங்கி விரிகிறது. தேனீ போய்விட்டது, நஞ்சு மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நகத்தால் சுண்டி எறிந்தேன். அன்றோடு அட்டைப் பாடத்தை விட்டுவிட்டேன்.

பையில் உள்ள நஞ்சில் பெரும்பகுதி முதல் 20 வினாடிக்குள் இறங்கிவிடும். கிள்ளி எடுத்தால் பை நசுங்கி நஞ்சு கூடுதலாக ஏறும் என்று நெடுநாள் நம்பினோம். 1996-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அதைச் சோதித்துப் பார்த்தது. கிள்ளினாலும் சுரண்டினாலும் தடிப்பில் வித்தியாசமில்லை, தாமதித்தால்தான் தடிப்பு பெரிதாகிறது. அதனால் கைக்கு எது வருகிறதோ அதைக் கொண்டு உடனே எடுங்கள். கொடுக்கோடு வரும் ஒரு வாசனை மற்ற தேனீக்களையும் வரவழைக்கும், ஆகவே எடுத்த கையோடு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். குளவி பெரும்பாலும் கொடுக்கை விட்டுச் செல்லாது, திரும்பவும் கொட்டும். அங்கே தேட எதுவுமில்லை, விலகினால் போதும்.

அப்புறம் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்குவதற்கு முன்பே மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், பிறகு கழற்றுவது பெரும்பாடு. வினிகர், சோடா மாவு எல்லாம் வேண்டாம். நஞ்சு தோலுக்கு அடியில் இருக்கிறது, மேலே பூசுவது அதைத் தொடாது. மறுநாள் வீக்கம் இன்னும் பெரிதானால் பயப்படாதீர்கள். அது வழக்கம்தான்.

பயப்பட வேண்டியது வேறொன்று. கொட்டியவரை அரை மணி நேரமாவது தனியே விடாதீர்கள். கொட்டாத இடத்திலும் உடம்பெங்கும் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றல், திடீர் வாந்தி வருகிறதா என்று பாருங்கள். நாக்கு வீக்கமோ, குரல் கம்முவதோ, மூச்சுத் திணறலோ, மயக்கமோ வந்துவிட்டால் அது கடும் ஒவ்வாமை. அவரிடம் அட்ரினலின் ஊசி இருந்தால் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே போடுங்கள், உடைக்கு மேலேயே போடலாம். அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. அவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள், அதில் உயிரே போயிருக்கிறது. ஊசி போட்டுச் சரியானது போல் தெரிந்தாலும் ஆம்புலன்ஸ் வர வேண்டும், ஒவ்வாமை மறுபடியும் கிளம்பக்கூடும். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும், கூட்டமாகக் கொட்டினாலும், ஒவ்வாமை இல்லாதவருக்கும் மருத்துவமனைதான்.

ஒருமுறை இப்படிக் கடுமையாக வந்தவர்கள் ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பூச்சியின் நஞ்சையே மிகச் சிறிய அளவில் தொடங்கி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஊசியாகப் போட்டு உடம்பைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கொட்டு உயிருக்கு ஆபத்தாவதில்லை.