கடலைக் காக்கும் சட்டம் குப்பத்துக்கு வரட்டும்

அவைத்தலைவராக வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதியரசர் அவர்களே, கடலோரக் காவல் அதிகாரிகளே, வழக்கறிஞர் நண்பர்களே, காசிமேட்டிலிருந்தும் நொச்சிக்குப்பத்திலிருந்தும் வேலையை விட்டு வந்திருக்கும் பஞ்சாயத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். மண்டபம் தந்த நிர்வாகத்தாருக்கும் நன்றி.

நாட்டின் பாதுகாப்புக் கொள்கைக்குச் சட்டங்கள் எப்படித் துணை நிற்கின்றன என்று பேசச் சொன்னார்கள். கடல், புலனாய்வு, இணையம், மூன்றையும் பேச வேண்டும். முதலில் கடல்.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு என்ன நடந்தது? உலகப் போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் சென்னைத் துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கலங்கரை விளக்கம் அப்போது உயர் நீதிமன்றக் கோபுரத்தின் மேல் இருந்தது. இருட்டில் வந்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் நூற்றுக்கு மேல் குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற மதிலிலும் ஒரு குண்டு விழுந்தது. அங்கே கல்வெட்டு இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் பாருங்கள். கரைப் பீரங்கிகள் சுட்டும் பயனில்லை, கப்பல் தப்பிவிட்டது. மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர்! அரசுக்குப் போர்க்கால அதிகாரங்கள் தந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ அதற்குப் பிறகு, 1915 மார்ச்சில். அதுவும் விடுதலை வீரர்களை உள்ளே தள்ளத்தான் பெரிதும் உதவியது.

சரி, சுதந்திர இந்தியாவுக்கு வருவோம். கொள்கை மட்டும் இருந்தால் ஒரு அதிகாரி நடுக்கடலில் ஒரு படகைக்கூட நிறுத்த முடியாது; அந்த அதிகாரத்தைச் சட்டம்தான் தர வேண்டும். 1976 சட்டம் நம் கடல் எல்லை 12 கடல் மைல் என்று உறுதிசெய்தது. 1978 சட்டம் கடலோரக் காவல் படையைத் தந்தது. அப்படியும் 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். கொலாபாவில் கரையேறியவர்களை முதலில் பார்த்து, யார் நீங்கள் என்று கேட்டவர்கள் மீனவர்கள். பயங்கரவாத வழக்குகளை விசாரிக்கும் தேசியப் புலனாய்வு முகமைக்கான சட்டம் அதற்குப் பிறகு, டிசம்பரில்தான் வந்தது. மறுபடியும் சொல்கிறேன், வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்!

அந்த அணை நம் மீனவர்கள். ஆனால் படகை யார் நிறுத்தலாம், எந்த அட்டை கையில் இருக்க வேண்டும், சந்தேகப் படகைக் கண்டால் 1093 என்ற கடலோரப் பாதுகாப்பு உதவி எண்ணுக்குச் சொன்னபின் என்ன பாதுகாப்பு என்பதை எளிய தமிழில் எழுதி எந்தக் குப்பத்திலாவது வைத்திருக்கிறார்களா? வைக்க வேண்டும். ஒவ்வொரு மீன்பிடித் தளத்திலும் வைக்க வேண்டும். நம் சங்கத்தின் கோரிக்கை இதுதான்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் சைகை காட்டுகிறார். மற்ற இரண்டும் இன்னொரு நாள். வாசல் மேசையில் மனு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.