கச்சான் காற்றும் மான் வேட்டையும்

வணக்கம் உறவுகளே. கிழக்கிலங்கையில், பொத்துவிலிலிருந்து லகுகலைப் பக்கம் செல்லும் வீதியை விட்டு உள்ளே இறங்கி, வற்றிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய குளத்தின் அலைகரையில் நின்று பேசுகிறேன். காலை எட்டு மணிக்கே கச்சான் காற்று எழுந்துவிட்டது. ஒலிவாங்கியில் கேட்கும் இரைச்சல் அதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, நம் பக்கமாக இறங்கும்போது சூடேறி வருவதையே நாம் கச்சான் என்கிறோம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் குளங்களை வற்றச் செய்வது இந்தக் காற்றுதான்.

கோடையில் மான் வேட்டை எப்படி நடக்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் வேட்டையாடிக் காட்டப்போவதில்லை. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி புள்ளி மானையோ மரை என்னும் பெரிய மானையோ கொல்வதும், அவற்றின் இறைச்சியை விற்பதும் குற்றம். சரணாலயத்துக்கு வெளியே நடந்தாலும் அது குற்றமே. ஆனால், சட்டம் ஒன்று இருக்கிறது என்று சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வெயில் காலத்தில் இந்தக் கரையில் நடப்பதை வேட்டை என்று அழைப்பதே சரியில்லை என்று நான் நம்புகிறேன். அதற்கான காரணத்தை இங்கேயே காட்டுகிறேன்.

கமராவைத் தரைக்கு இறக்குகிறேன், பாருங்கள். வெடித்துக் காய்ந்த களிமண்ணுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு முழ அகலத்துக்கு மட்டும் சேறு இளக்கமாக இருக்கிறது. நடுவில் பிளந்து, முனை கூராகி, இரண்டு விரல் அகலத்தில் பதிந்திருப்பது புள்ளி மானின் குளம்பு. அதைவிடப் பெரிதாக, ஆழமாகப் புதைந்திருப்பது மரை. தண்ணீர் குடிக்கக் குனியும்போது உடலின் பாரம் முன்னே சாய்வதால், நீரை ஒட்டிய முன்னங்கால் தடங்களில் குளம்பு அகன்று விரிந்திருக்கிறது. இதோ, அந்தப் பெரிய தடத்தை ஒட்டியே என் பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதான இன்னொன்று தெரிகிறது. அது குட்டியின் தடம்.

மாரியில் காடெங்கும் மடுக்களும் ஓடைகளும் நிரம்பியிருப்பதால் மான்கள் பரந்து திரியும். இளம் புல்லிலும் தளிரிலும் உள்ள ஈரமே அவற்றின் தாகத்தில் ஒரு பங்கைத் தீர்த்துவிடும். கச்சான் வீசத் தொடங்கியதும் புல் காய்ந்து, சிறு மடுக்கள் ஒவ்வொன்றாக வற்றிவிட, பெரும் பரப்பில் சிதறிக் கிடந்த கூட்டங்களெல்லாம் இப்படி எஞ்சியிருக்கும் இரண்டொரு நீர்நிலைகளை நோக்கியே வரவேண்டியதாகிறது. புள்ளி மான் பெரும்பாலும் நாள்தோறும் தண்ணீர் குடித்தாக வேண்டிய விலங்கு. நண்பகலில் அது பாலை, வீரை மரங்களின் நிழலில் படுத்து அசைபோடும். வெயில் தாழ்ந்த பிறகும் விடியற்காலையிலும் நீரைத் தேடி வரும். மரையோ பெரும்பாலும் இருட்டிய பின்னரே வெளியே தலைகாட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். என் காலடியில் சருகு நொறுங்கும் ஓசை உங்களுக்குக் கேட்கிறதல்லவா? இந்த மாதங்களில் காட்டுக்குள் மானைப் பின்தொடர்ந்து செல்வது மனிதனுக்கு ஏறக்குறைய முடியாத காரியம். நாம் அணுகுமுன் மான் கேட்டுவிடும். மரத்தின் மேலிருக்கும் மந்தி கண்டு கத்திவிட்டால் கூட்டமே விலகிப் போய்விடும். பாலைப்பழக் காலத்தில் மந்திகள் உதிர்க்கும் பழத்துக்காகக் கீழே கூடும் மான்களுக்கு அந்தக் குரல் நன்கு பழகியது. ஆகவே தடம் பார்ப்பதும் காற்றின் திசை அறிந்து நெருங்குவதுமான பழைய வேட்டைத் திறமை கோடையில் பயன்படாது. பயன்படுவது தண்ணீரின் ஓரத்தில் காத்திருப்பது மட்டுமே: பரண் கட்டித் துவக்குடன் அமர்வது, இரவில் டோர்ச் வெளிச்சத்தைக் கண்ணில் அடித்து மானைத் திகைக்க வைத்துச் சுடுவது, அல்லது வரும் வழியில் சுருக்கு வைப்பது. மானுக்கோ வராமலிருக்க வழியில்லை.

அப்படி வருபவற்றுள் எது அதிகம் வரும் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. பால் கொடுக்கும் பிணைக்கு மற்ற மான்களைவிடக் கூடுதலாகத் தண்ணீர் தேவை. பிறந்து சில நாள்களேயான குட்டியைத் தாய் புதருக்குள் மறைத்துவிட்டுத்தான் மேயப் போகும். குட்டியும் தாய் திரும்பும் வரை அசையாமல் கிடக்கும். கரையில் அந்தத் தாய் விழுந்தால், சுட்டவர் அறியாத ஓரிடத்தில் குட்டியும் பட்டினியால் இறக்கும்.

இந்த வீரை மரத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். பட்டை வட்டமாக உரிந்து, உள்மரம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளில் செய்த சுருக்கு இங்கே கட்டப்பட்டிருந்தது. அறுந்த ஒரு துண்டு இன்னமும் வேரில் தொங்குகிறது. இதில் சிக்கிய விலங்கு எவ்வளவு நேரம் இழுத்துப் போராடியிருந்தால் மரம் இந்த அளவுக்குத் தேய்ந்திருக்கும்! வெயிலில் இப்படிப் போராடும் மானின் உடல் வெப்பம் ஏறி, தசைகள் சிதையத் தொடங்கும். அவிழ்த்து விட்டாலும் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ அது இறந்துபோகக் கூடும்.

இறைச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெப்பம் 35 பாகையைத் தொடும் நாளில், குடல் நீக்கப்படாமல் சுருக்கிலேயே இறந்து கிடக்கும் உடல் விரைவாகக் கெடும். அதை வெட்டி, உப்பும் மஞ்சளும் பூசி, வற்றலாக்கி விற்கும்போது, எப்போது இறந்த விலங்கு என்பதை வாங்குபவர் எப்படி அறிவார்? 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பல்லாண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், வேடர்கள் இறைச்சியை மரப்பொந்தில் தேனுக்குள் இட்டுக் களிமண்ணால் அடைத்துப் பாதுகாத்ததை எழுதியிருக்கிறார். கிடைத்ததை வீணாக்காமல் நெடுநாள் வைத்து உண்ணும் ஏற்பாடு அது. தன் வீட்டுக்காக வேட்டையாடி வாழ்ந்த அந்த மக்களையும், நகரத்து விருந்துக்காகக் கேபிள் சுருக்கு வைப்பவர்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

இறுதியாக, இந்த மாதங்களில் காட்டோரம் செல்பவர்களுக்குச் சில செய்திகள். மாட்டுப் பட்டியுடன் செல்பவர்களும் தேன் எடுப்பவர்களும் குளத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் மெல்லிய நூலோ கம்பியோ குறுக்கே இழுபட்டிருப்பதைக் கண்டால் தொட வேண்டாம். அது, இழுபட்டதும் தானே வெடிக்கும்படி கட்டி வைத்த கட்டுத்துவக்காக இருக்கலாம். வந்த வழியே திரும்பி, வனஜீவராசிகள் அலுவலகத்துக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். மான் வயிற்றில் பிறந்த வள்ளியின் நாயகனைக் காண உகந்தையிலிருந்து குமுனைக் காட்டுவழியே கதிர்காமம் நடக்கும் அடியார்களிடமும் ஒரு வேண்டுகோள். மடுவில் வேண்டிய தண்ணீரை அள்ளிக்கொண்டு, பொழுது சாயுமுன் கரையை விட்டு நன்கு தள்ளிப் போய் அடுப்பை மூட்டுங்கள். ஆட்கள் கரையிலேயே தங்கினால், பகல் முழுதும் நிழலில் காத்திருந்த மான்கள் அன்று தண்ணீர் குடிக்க வராது.