விசா காசை யார் கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் 18 சர்வதேசப் புலம்பெயர்ந்தோர் தினம். அதையொட்டிப் பேச அழைத்திருக்கிறார்கள். நாடு விட்டு நாடு வேலைக்குப் போகிறவர்களை எந்தச் சட்டம் காக்கிறது, எது கைவிடுகிறது என்பதுதான் நெடுங்காலமாக என் ஆய்வு. இன்று அதில் ஒரே ஒரு கேள்வி. விசா காசை யார் கொடுப்பது?

உங்களில் பலருக்கு இது வீட்டு விஷயம். அண்ணனோ மச்சானோ சவூதிக்குப் போயிருப்பார். அவருக்கு முன்னால் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், ரியாத்தில் கட்டட வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் தன் கணக்கு நோட்டைக் காட்டினார். பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப்போகிற கோடு போட்ட நோட்டுதான். மெடிக்கல், விசா ஸ்டாம்பிங், டிக்கெட், ஏஜென்ட்டுக்கு முன்பணம், அந்த ஏஜென்ட்டைக் காட்டிவிட்ட உள்ளூர்க்காரருக்குக் கமிஷன் என்று முதல் பக்கம் நிறைந்திருந்தது. அடுத்த பக்கத்திலிருந்து வட்டி. மாதாமாதம் தேதி போட்டு, கட்டியதும் அடித்திருந்தார். முதல் ஒன்றரை வருடச் சம்பளம் அந்தப் பக்கங்களிலேயே கரைந்துவிட்டது. ஊரில் சொன்ன சம்பளம் ஒன்று; அங்கே இறங்கியதும் கையெழுத்து வாங்கிய அரபிக் காகிதத்தில் இருந்தது வேறு. “அப்போதே திரும்பியிருக்கலாமே?” என்று கேட்டேன். நோட்டைத் தட்டி, “இத வச்சுக்கிட்டு எப்படிங்க வர்றது?” என்றார்.

நான் போகிற இடமெல்லாம் சொல்வது இதைத்தான். வேலைக்கு வந்தவரை, வரவழைத்த முதலாளியோடு கட்டிப்போடுகிற வளைகுடாவின் கபாலா முறையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இக்காமா என்கிற தங்கும் அனுமதி, கபீல் என்கிற அந்த முதலாளியின் கையில்; அவர் மனம் வைத்தால்தான் வேறு வேலை என்பதுதான் வழக்கமாக இருந்தது. கொடுமைதான், மறுக்கவில்லை. வேலை மாற முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டாம் என்று கத்தார் 2020-ல் சட்டத்தைத் திருத்தியது, நல்ல காரியம். ஆனால் ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, சட்டம் விட்டாலும் அந்த மனிதர் வேலையை விடத் துணிவாரா? கபீல் கட்டுவதற்கு முன்பே கடன் கட்டிப்போட்டுவிடுகிறது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சென்னையிலும் அந்த அலுவலகம் உண்டு. பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ரசீதும் தர வேண்டும். சரி, பணம் எங்கே கைமாறுகிறது? ஊர் டீக்கடையில். வாங்குகிறவர் சப் ஏஜென்ட். அவருக்கு உரிமமும் கிடையாது, அவரிடம் ரசீதும் கிடையாது. பிரச்சினை வந்து புகார் கொடுக்கப் போனால், முதலில் கேட்பது ரசீதைத்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1907-ல் மலாயாவில் தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போதாத காலம். தோட்ட முதலாளிகள் தங்களிடம் வேலை செய்யும் ஆட்களின் கணக்குப்படி அந்த நிதிக்குப் பணம் கட்டினார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களின் பயணச் செலவு அதிலிருந்து போயிற்று. அந்தக் காலத்தை நான் புகழவில்லை. தோட்டத்தில் காய்ச்சலும் சாவும் இருந்தன, கங்காணியின் கெடுபிடி இருந்தது, கூலியோ சொற்பம். இருந்தாலும், ஆள் வேண்டும் என்கிறவர்தான் வழிச்செலவைக் கொடுக்க வேண்டும் என்பது, தங்கள் லாபத்துக்காகவாவது, அந்தத் தோட்டக்காரர்களுக்கே தெரிந்திருந்தது. நூறு வருடம் தாண்டி வந்த பிறகு நாம் அந்தச் செலவைத் தொழிலாளியின் மனைவி கழுத்துச் சங்கிலியில் போய் ஏற்றியிருக்கிறோம்.

இதை மாற்ற முடியாதா? முடியும். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கையின் அடிப்படை விதி. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. கத்தாரில் உலகக் கோப்பைப் பணிகளை எடுத்த ஒப்பந்தக்காரர்கள் பலர், தொழிலாளர்கள் கொடுத்த ஆள்சேர்ப்புச் செலவைத் திருப்பித் தந்தார்கள். அதுவும் ரசீது கேட்காமல். ரசீது கேட்காமல் என்பதை இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நம் ஆட்கள் எப்போதும் தோற்கிறார்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. ஐ.நா. உடன்படிக்கைகளை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான 1990-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இலங்கையும் பிலிப்பைன்சும் ஏற்றிருக்கின்றன. இந்தியாவோ வளைகுடா நாடுகளோ ஏற்கவில்லை. 2018-ல் மொராக்கோவின் மராகேஷில் ஏற்கப்பட்ட, புலம்பெயர்வு குறித்த உலக உடன்பாட்டின் 6-ஆவது இலக்கு நேர்மையான ஆள்சேர்ப்பு. ஆனால் அது சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது.

அப்புறம், இப்போது யாராவது கிளம்பத் தயாராக இருந்தால்: ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். அக்ரிமென்ட்டின் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். வணக்கம்.