மூணு நாள் விருந்துக்கு உழைக்குற ஊருக்கு சாயங்கால ஓபி வேணும்

(பிப்ரவரி 11, உலக நோயாளர் தினத்தன்னைக்கு, கொடைக்கானல் மூஞ்சிக்கல்ல நம்ம பங்கு நலவாழ்வு மையத்து ஆண்டு விழாவுல பேசினது. வர முடியாதவங்க கேட்டதால எழுதிப் போடுறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில உக்காந்திருக்குற நம்ம பங்குத்தந்தை அவர்களுக்கு முதல் வணக்கம், இந்த மையம் இன்னைக்கு நிக்குதுன்னா ஃபாதர் மழைனு பாக்காம பனினு பாக்காம வீடு வீடா அலைஞ்சதாலதான், அது இங்க இருக்குற எல்லாருக்கும் தெரியும். மையத்தை நடத்துற மதர் அவங்களுக்கும் சிஸ்டர்மாருக்கும் வணக்கம். நம்ம கவுன்சிலர் அக்கா நகராட்சிக் கூட்டத்தை முடிச்சுட்டு மதியம் சாப்பிடக்கூட இல்லாம நேரா இங்க வந்திருக்காங்க, அக்கா ரொம்ப நன்றி, உங்ககிட்ட ஒரு கோரிக்கை இருக்கு, கடைசியில சொல்றேன், அதுவரைக்கும் கிளம்பிராதீங்க. பள்ளிவாசல் ஜமாத் தலைவர் பாய் அவர்கள் வந்திருக்காங்க, மையத்துல இருக்குற பிபி மெஷின் ரெண்டும் அவங்க ஜமாத் வாங்கிக் குடுத்ததுதான். கோயில் கமிட்டித் தலைவர் ஐயா அவர்களுக்கு வணக்கம், கண் கேம்ப் நடத்த எங்களுக்கு இடம் பத்தலைன்னதும் கோயில் மண்டபத்தையே திறந்து விட்ட மனுசர். பழனி மலை முருகன் சிலையை போகர் நவபாஷாணத்துல செஞ்சார், அந்த அபிஷேகப் பிரசாதமே மருந்துன்னு நம்புற மண்ணு இது, சாமியும் வைத்தியமும் ஒண்ணா இருக்குறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல ஐயா. வட்டார மருத்துவ அலுவலர் டாக்டர் சார், டாக்ஸி ஸ்டாண்டு தம்பிங்க, ஏரிக்கரையில குதிரை ஓட்டுற அண்ணன்மாரு, எல்லாத்துக்கும் மேல வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து உக்காந்திருக்குற என் அக்கா தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். யார் பேராவது விட்டிருந்தா பெரிய மனசு பண்ணிக்கோங்க.

நான் மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். ஒண்ணு இந்த நோயாளர் தினம். ரெண்டாவது நம்ம தெருவுல இருக்குற சுகர், பிபி. மூணாவது குடி.

நோயாளர் தினத்தை 1992ல போப் ரெண்டாம் ஜான் பால் அறிவிச்சார், 1993ல இருந்து வருசா வருசம் லூர்து மாதா திருநாளான பிப்ரவரி 11ல கொண்டாடுறோம். இன்னைக்குப் பூசையில ஃபாதர் இதை அழகா சொல்லிட்டாங்க, அதனால நான் அதுல நிக்கல, நேரா ரெண்டாவதுக்கு வந்துர்றேன்.

எங்க அம்மாச்சி ஒரு பழமொழி சொல்லும், உங்க வீட்டுலயும் சொல்லியிருப்பாங்க, விருந்தும் மருந்தும் மூணு நாள். காய்ச்சலுக்கு, சளிக்கு, வயித்தாலைக்கு அது சரி. ஆனா நான் அரசாங்க ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ, எந்தப் பழமொழி ஊரைக் காப்பாத்துது எது படுக்க வைக்குதுன்னு வார்டுல நின்னு பாத்திருக்கேன். சுகருக்கும் பிபிக்கும் மூணு நாள் கிடையாது, மூணு மாசம் கிடையாது, சாகுற வரைக்கும் மாத்திரைதான். டிபிக்கு குறைஞ்சது ஆறு மாசம். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, மூணு நாள் மெட்பார்மின்னு குடுக்குற சுகர் மாத்திரையைப் போடுறாங்க, அடிக்கடி ஒண்ணுக்குப் போறது குறையுது, தலைசுத்தல் நிக்குது, சரியாயிருச்சுன்னு அட்டையைத் தூக்கி சாமி படத்துக்குப் பின்னாடி சொருகிர்றாங்க. மிச்ச மாத்திரை அங்கயே தூசி பிடிச்சுக் கெடக்கும். பிபி இன்னும் மோசம், அதுக்கு வலியே கிடையாது, 180 இருந்தாலும் ஆளு நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருப்பாரு. குளிர் காலத்துல ரத்தக் குழாய் சுருங்கி பிபி ஏறும், 7000 அடி உசரத்துல மார்கழி தை மாசம் உறைபனி விழுகுற ஊர்ல உக்காந்துக்கிட்டு ஊறுகாய், கருவாடு, அப்பளம்னு மூணு வேளையும் உப்பையும் சேத்துக்கிட்டா என்ன ஆகும் சொல்லுங்க.

நம்ம ஊரையே பாருங்க. இது விருந்தாளியை வெச்சுப் பொழைக்குற ஊரு. அந்த விருந்தும் மூணு நாள்தான், வெள்ளி ராத்திரி வர்றாங்க ஞாயித்துக்கிழமை மதியம் இறங்கிப் போயிர்றாங்க. அவங்களுக்கு சுடுதண்ணி வைக்கிறது நம்ம பையன், பெட்ஷீட் மாத்துறது நம்ம பொண்ணு, சோளம் சுட்டுக் குடுக்குறது நம்ம அத்தை, மலை வளைவுல வண்டி ஓட்டுறது நம்ம தம்பி, சாக்லேட் கடையில நாள் பூரா நிக்கிறது நம்ம தங்கச்சி. சீசன்ல, ஏப்ரல் மே ரெண்டு மாசமும் ஒரு நாள் ஓய்வு கிடையாது. மூணு நாள் விருந்துக்காக வருசம் பூரா உழைக்குற சனத்துக்கு மருந்தும் மூணு நாளோட நின்னு போகுதுன்னா அது அவங்க திமிரு இல்ல, நேரம் இல்ல. இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஒரு அக்கா கதை சொல்றேன், பேரு சொல்ல மாட்டேன், தெருவும் சொல்ல மாட்டேன். காட்டேஜ்களுக்கு பெட்ஷீட்டும் கம்பளியும் தோய்ச்சுக் குடுக்குற வேலை. வயசு அம்பதுக்குப் பக்கத்துல. புருசன் இல்ல, ஒரே ஒரு பொண்ணு. நம்ம கேம்ப்ல சுகர் பாத்தப்ப 340 இருந்துச்சு, அந்த அக்கா சிரிக்குது, நான் நல்லாத்தானே இருக்கேன் நர்சம்மா, எனக்குப் போயி எப்புடின்னு. ஒரு மாச மாத்திரை குடுத்து, முடிஞ்சதும் வந்து வாங்கிக்கங்கன்னு அனுப்பினோம். வரல. அடுத்த மாசமும் வரல. நான் சந்தையில பாத்துக் கேட்டேன், ஞாயித்துக்கிழமை சந்தை, கூட்டம்னா கூட்டம், ஒரு கையில காலிஃபிளவர் ஒரு கையில பொண்ணு, கேட்டதும் வர்றேன் நர்சம்மா வர்றேன் நர்சம்மான்னு சொல்லிக்கிட்டே பூண்டுக்காரர்கிட்ட பேரம் பேசுது. அப்புறம் தை மாசம் வந்துச்சு. ராத்திரி அந்த அக்கா வேலை முடிச்சு வந்து, பொழுதன்னைக்கும் தண்ணியில நின்ன காலு வெறச்சுப் போச்சேன்னு கரி அடுப்பைப் பத்த வெச்சு, முக்காலியைப் போட்டு உக்காந்து ரெண்டு காலையும் அடுப்போரமா நீட்டிக்கிட்டு டிவி பாத்துக்கிட்டு இருந்திருக்கு. உள்ள சோறு வடிச்சுக்கிட்டு இருந்த பொண்ணு கத்துது, அம்மா என்னமோ கருகுது, என்னமோ கருகுது. இந்த அக்கா என்ன சொல்லுச்சு தெரியுமா, அடியே குழம்பைப் பாருடின்னு சொல்லுச்சு. பொண்ணு வெளிய ஓடி வந்து பாத்தா குழம்பு இல்ல, அம்மா காலு. விரல் தோலு வெந்து பொசுங்கிக் கெடக்கு, அந்த அக்காவுக்கு ஒரு பொட்டு வலி தெரியல. உள்ள ரொம்ப நாளா சுகர் ஏறிக் கெடந்தா கால் நரம்பு செத்துரும், சூடும் தெரியாது முள்ளும் தெரியாது. அதுக்கு மேல என்ன பண்ணாங்க, பக்கத்து வீட்டுல சொன்னாங்கன்னு பேஸ்ட்டைத் தடவி, துணியைச் சுத்தி, சாக்ஸைப் போட்டு, மறுநாள் அதே காலோட தண்ணித் தொட்டிக்கிட்ட போய் நின்னுருக்கு. நம்மகிட்ட வரும்போது சாக்ஸைக் கழட்ட முடியல, புண்ணோட ஒட்டிக்கிச்சு, ரூம் பூரா வாடை. 108ஐக் கூப்பிட்டு, பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறைன்னு ஒவ்வொரு வளைவா கீழ இறக்கி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். காலை எடுக்காம காப்பாத்துனது பெரிய விசயம், ஆனா ரெண்டு விரல் போச்சு. மாசக்கணக்கா வேலை இல்ல, பொண்ணு படிப்பை விட்டுட்டு சாக்லேட் கடைக்குப் போயிருச்சு.

டிரெஸ்ஸிங் பண்ணும்போது நான் கேட்டேன், ஏன்க்கா வரல, ஓசி மாத்திரைதானே, எடுத்துட்டுப் போறதுக்கு என்ன. அந்த அக்கா என் மூஞ்சியைப் பாத்து சொல்லுச்சு, "நீங்க தொறந்து வெச்சிருக்கும்போது நான் துணி தோய்ச்சுக்கிட்டு இருக்கேன் நர்சம்மா, நான் வீட்டுக்கு வரும்போது நீங்க பூட்டிட்டுப் போயிர்றீங்க."

நம்ம மையம் காலையில ஒன்பதரைக்குத் தொறந்து மதியம் ஒரு மணிக்குப் பூட்டுது. அந்த நேரத்துல வர முடிஞ்சவங்க யாரு, வயசானவங்க, சின்னப் புள்ளக்காரிங்க. அவங்களுக்கு அது நல்லபடியா நடக்குது, நான் இல்லைங்கல. நாள் கூலி வாங்குறவ லீவு போட்டா கூலி போச்சு, லாட்ஜ்ல ரூம் பாய் காலையில பத்து மணிக்கு செக் அவுட் நேரத்துல எப்படி வருவான். அரசாங்கம் 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில மக்களைத் தேடி மருத்துவம்னு ஆரம்பிச்சாங்க, வீட்டுக்கே வந்து சுகர் பிபி மாத்திரை குடுக்குறாங்க, அருமையான திட்டம், அந்தத் தன்னார்வலர் பொண்ணுங்க மேட்டுல ஏறி இறங்குறதைப் பாத்தா கும்பிடத் தோணும். ஆனா அவங்க வர்ற நேரம் வீடு பூட்டிக் கெடந்தா அவங்க என்ன செய்வாங்க. ஆள் வீட்டுல இருக்குற நேரம் சாயங்காலம் ஆறுக்கு மேலதான்.

ஃபாதர் முன்னாடி வேதம் பேசுறேன், தப்பா நினைக்காதீங்க ஃபாதர். மாற்கு முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. கப்பர்நாகூம்ல சீமோன் வீட்டுல ஆண்டவர் சீமோனோட மாமியாருக்கு காய்ச்சலைக் குணமாக்குனார். அன்னைக்கு யூதர்களோட ஓய்வுநாள், சுமை தூக்கக்கூடாது, அதனால பகல்ல யாரும் நோயாளியைத் தூக்கிக்கிட்டு வர முடியாது. அதுக்கு அடுத்து என்ன எழுதியிருக்கு, சாயங்காலம் ஆகி சூரியன் மறைஞ்சதும் நோயாளிகளை எல்லாம் அவர்கிட்ட கொண்டு வந்தாங்க, ஊரே அந்த வீட்டு வாசல்ல கூடிருச்சுன்னு எழுதியிருக்கு. பகல்ல வர முடியாத சனம் பொழுது சாஞ்சு வந்தப்ப அவர் கதவைச் சாத்தல, ஓபி டைம் முடிஞ்சு போச்சு நாளைக்கு வான்னு சொல்லல. அவரு பேருல நடக்குற மையம் நம்ம மையம், அதனாலதான் இங்க வந்து கேக்குறேன், வேற எங்க போய்க் கேப்பேன்.

ஆண்டவர் சொன்ன கதையில, அடிபட்டு வழியில கெடந்தவரைத் தூக்கிட்டுப் போய்க் காப்பாத்துன நல்ல சமாரியனும் அப்படித்தான். காயத்துக்கு எண்ணெய் தடவுனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. சாவடிக்காரர்கிட்ட காசு குடுத்துட்டு, மேல செலவானா நான் திரும்பி வரும்போது தர்றேன்னு சொன்னாரே அதை யாரும் பெருசாப் பேசுறதில்ல. சுகர்க்காரங்களுக்கு அந்தத் திரும்பி வர்றதுதான் வைத்தியம். இங்கயும் விருந்தும் மருந்தும் மூணு நாள்னு அவர் போயிருந்தா அந்தக் காயம்பட்ட மனுசன் கதி என்ன.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மாவை இந்த ஊர்க்காரங்க மறக்கக்கூடாது, 1960 மே மாசம் அவங்க உசுரு போனது இந்தக் கொடைக்கானல்லதான். சின்ன வயசுல திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு வீட்டுல இருந்து பிரசவத்துக்குப் பொம்பளை டாக்டர் கேட்டு வந்தாங்க, இல்லாததால மூணு பொண்ணுங்களும் செத்தாங்க, அதைப் பாத்துத்தான் அவங்க டாக்டருக்குப் படிக்கப் போனாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். 1900ல ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்சாங்க. ஆனா எனக்குப் புடிச்சது அவங்க ரோட்டோர வைத்தியம். வாரா வாரம் குடியாத்தம் ரோட்டுல போயி, அங்கங்க மரத்தடியில நிறுத்தி, காத்துக்கிட்டு இருக்குற சனத்துக்கு மருந்து குடுப்பாங்க. அடுத்த வாரமும் வருவாங்கன்னு சனத்துக்குத் தெரியும். அந்த நம்பிக்கை இருந்தா ஆளுங்க மருந்தை விட மாட்டாங்க.

சாயங்காலம் தொறந்தா என்ன சிக்கல்னு மதர் என்கிட்ட மனசு விட்டுப் பேசினாங்க. முதல் சிக்கல் டாக்டர். சுகர் பிபி மாத்திரை திரும்ப வாங்க வர்றவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் டாக்டர் தேவை இல்ல, பிபி பாத்து, விரல் நுனியில ரத்தம் எடுத்து, சாக்ஸைக் கழட்டச் சொல்லிக் காலைப் பாத்து, நோட்டுல எழுதி, டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையைக் குடுக்க நர்ஸ் போதும், ஏறி இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட அனுப்பணும். ரிட்டையர் ஆன நர்ஸுங்க இந்த ஊர்ல எத்தனை பேர் இருக்கோம், நாங்க வர்றோம், சம்பளம் வேண்டாம். வட்டார மருத்துவ அலுவலர் சார், அரசாங்க மாத்திரை பேரும் நம்ம மாத்திரை பேரும் ஒண்ணா இருக்குற மாதிரி பாத்துக் குடுத்தீங்கன்னா சனம் குழம்பாது, ரெண்டு எடத்துலயும் வாங்கி ரெண்டையும் போட்டுக்கிட்டவங்களைப் பாத்திருக்கேன்.

ரெண்டாவது சிக்கல் காட்டுமாடு. இது வெளியூர்க்காரங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க, ஏழு மணிக்கு மேல நம்ம சந்துல காட்டுமாடு நிக்கும், ஒத்தையில பொம்பளை எப்படி நடந்து வருவா. அக்கா, கவுன்சிலர் அக்கா, கோரிக்கை இதுதான், மையத்துக்கு ஏறுற படிக்கட்டுச் சந்துல லைட்டு இல்ல. மூணு கம்பத்துல லைட்டு போட்டுக் குடுங்க. டாக்ஸி ஸ்டாண்டு தம்பிங்க, ராத்திரி எட்டரைக்கு மேல வயசானவங்களையும் கால் முடியாதவங்களையும் வீட்டுல இறக்கி விட ஒரு வண்டி, முறை போட்டுக்கங்க, பெட்ரோல் காசை பங்குப் பேரவை பாத்துக்கும்னு ஃபாதர் காலையிலயே சொல்லிட்டாங்க.

குடி பத்திப் பேசணும்னு சொன்னேன், அதுக்கு தனியா ஒரு நாள் வேணும், மாதர் சங்கக் கூட்டத்துல பேசுறேன்.

நான் கேக்குறது வாரத்துல ரெண்டே நாள், செவ்வாயும் வெள்ளியும், சாயங்காலம் அஞ்சரையில இருந்து எட்டரை வரைக்கும். ஒரு நோட்டு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம், மாத்திரை முடியிற தேதி அதுல இருக்கணும், அந்தத் தேதியில வரலைன்னா மறுநாள் தெரு ஆளு ஒருத்தர் வீட்டுக்குப் போய்க் கேக்கணும். ஆனந்தகிரிக்கு ரெண்டு பேர், நாயுடுபுரத்துக்கு ரெண்டு பேர், மூஞ்சிக்கல்லுக்கு மூணு பேர் வேணும், எந்த சாமியைக் கும்பிடுறவங்களா இருந்தாலும் சரி. வாசல்ல டீ குடுக்குற மேசைக்குப் பக்கத்துல சிஸ்டர் நோட்டோட உக்காந்திருக்காங்க, பேரும் போன் நம்பரும் எழுதிட்டுப் போங்க. சுகர் பாக்காதவங்க பாத்துட்டும் போங்க, டீயைக் குடிக்கிறதுக்கு முன்னாடி. நன்றி, வணக்கம்.